சம்பளத் தேதியும் தவணைத் தேதியும்

நம்மவர் ஒருவரின் கடன் தவணை 'பவுன்ஸ்' ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால், "வரவுக்கு மேல் செலவு செய்திருப்பார்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தில்லியில் பல ஆண்டுகளாக நம் குடும்பங்களைப் பார்த்துவரும் எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. நம்மில் பெரும்பாலோர் ஊதாரிகள் அல்லர். மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வரவு சரியாகவே இருக்கும். ஆனால் ஐந்தாம் தேதி காலையில் கணக்கில் பணம் இருக்காது. ஏழாம் தேதி மாலையில் இருக்கும். அந்த இரண்டு நாளுக்குத்தான் தண்டம் கட்டுகிறோம். குறை பணத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஏழாம் தேதி 45,000 ரூபாய் சம்பளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் உள்ள பெற்றோருக்கு 5,000, மளிகை, பால், பஸ், பள்ளிக்கூடம் என்று 15,000. மாதக் கடைசியில் கையில் 25,000. ஒன்றாம் தேதி வாடகை 13,000 போக மிச்சம் 12,000. ஐந்தாம் தேதி கடன் தவணை 9,500. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. அந்த மாதம் இருபதாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் வந்து டாக்டருக்கும் மருந்துக்கும் 4,000 ஆகிவிட்டால்? ஐந்தாம் தேதி கணக்கில் 8,000தான் இருக்கும். 1,500 ரூபாய் குறைவு. தவணை திரும்பிவிடும். இரண்டே நாளில் 45,000 வந்து நிற்கும்! தவணைத் தேதி பத்தாக இருந்திருந்தால் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

வெளிநாடுகளில் கணக்கில் பணம் குறைந்தால் வங்கி தானே பணம் கொடுத்துவிட்டு அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்வது உண்டு. இங்கே ஓவர் டிராப்ட் என்பது பெரும்பாலும் வியாபாரிகளின் நடப்புக் கணக்குக்கு உரியது. நம் சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தவணை முழுவதும் திரும்பிவிடும். திருப்பி அனுப்பியதற்கு நம் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். பணம் வராததற்குக் கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணம் போடும். அதே தவணையை மறுபடியும் அனுப்பி, அதுவும் திரும்பினால் மூன்றாவது கட்டணம். 2025 ஜனவரி 1 முதல், கடன் கொடுத்தவர்கள் நம் கடன் விவரத்தைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதம் அங்கே பதிவானால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

செக் விஷயம் இன்னும் கடுமையானது. கடனுக்காகக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்றம் என்று சொல்லும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் செக் கொடுக்கவில்லையே, தானாகத்தானே பிடிக்கிறார்கள்" என்று இருந்துவிடவும் முடியாது. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஆட்டோ டெபிட்டுக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது.

முன்பெல்லாம் வங்கியின் மந்தமே நமக்கு ஒரு வசதியாக இருந்தது. கும்பகோணத்துச் செக்கைக் கரோல்பாக் கிளையில் போட்டால் பணமாக வாரக்கணக்கில் ஆகும். உள்ளூர்ச் செக்குக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி உண்டு. இருபத்தெட்டாம் தேதி செக் கொடுத்துவிட்டு ஒன்றாம் தேதிச் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் காலம் போய்விட்டது. செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறை 2008-இல் தில்லியில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோ டெபிட் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குக்கும் அன்றைக்கே தீர்வு. வேகம் நல்லதுதான். ஆனால் நமக்கு இருந்த அந்த இரண்டு மூன்று நாளை அது எடுத்துக்கொண்டுவிட்டது.

பணத்தைப் பிடிக்கும் வேகம் கூடியதே தவிர, சம்பளம் வரும் வேகம் கூடவில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படியும் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். மத்திய அரசு ஊழியர்களுக்கு மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் வந்துவிடும்; ஆனால் மார்ச் மாதச் சம்பளம் மட்டும் ஏப்ரலின் முதல் வேலை நாளில்தான். ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். பிப்ரவரிச் சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் வேறு கடித்திருக்கும். பள்ளிக் கட்டணமும் அப்போதுதான் வந்து நிற்கும். ஒன்று, இரண்டு தேதிகளில் தவணை வைத்திருப்பவர்கள் ஏப்ரலைக் கவனமாகத் தாண்ட வேண்டும்.

வெளியூரில் வாழும் நமக்கு இன்னொரு மாதமும் சிக்கல். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போக நவம்பர் நடுவில் டிக்கெட் எடுக்க வேண்டும். தீபாவளிச் செலவு ஓய்ந்திருக்கும் நேரத்தில், சம்பளத்துக்கு வெகு தொலைவில், குடும்பம் முழுவதற்கும் போக வர டிக்கெட்!

ஆகவே சில யோசனைகள் சொல்கிறேன். கடன் வாங்கும்போது வட்டி விகிதத்தை மட்டும் கேட்காமல் தவணைத் தேதியையும் கேளுங்கள். சம்பளம் வந்து மூன்று நாளாவது கழித்து வைக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் தேதியை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். எல்லா இடத்திலும் நடக்காது, கேட்பதில் நஷ்டமும் இல்லை. தவணைகளுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த அன்றே அதில் பணத்தை மாற்றிவிடுங்கள். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் மறைத்து வைத்தார்களே, அதுபோல ஒரு தவணைப் பணம் அந்தக் கணக்கில் எப்போதும் தூங்கட்டும். ஒரே மாதத்தில் முடியாது. மாதம் ஐந்நூறாகச் சேர்த்தாலும் ஒருநாள் சேர்ந்துவிடும். எந்தத் தேதியில் எது போகிறது என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஊருக்கு அனுப்பும் பணம். தவணை திரும்பிவிடுமோ என்ற பயத்தில் பல வீடுகளில் முதலில் தள்ளிப் போடுவது அதைத்தான். பேங்க் நோட்டீஸ் அனுப்பும். அப்பாவும் அம்மாவும் அனுப்ப மாட்டார்கள். "அடுத்த வாரம் வந்தால் போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடையில் கடன் சொல்வார்கள். சம்பளத்துக்கு மறுநாளே அந்தப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

பொறுப்பு நமக்கு மட்டும் அல்ல. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் உத்தரவிட்டது. கார்டில் மாதந்தோறும் பிடிக்கும் பணத்துக்கும் இருபத்து நான்கு மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. கணக்கிலிருந்து நேராகப் போகும் கடன் தவணைக்கும் அந்த விதி கண்டிப்பாக வேண்டும். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துத்தானே கடன் கொடுக்கிறார்கள்? சம்பளத் தேதி தெரிந்தும் அதற்கு முந்தைய தேதியில் தவணையை வைத்து, திரும்பியதும் கட்டணம் போடுவது நியாயம் ஆகாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளான நம் உறுப்பினர்கள் உட்கார்ந்து, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுக் கொடுக்கலாம். மொழி புரியாத ஊரில் கிளை மேலாளரிடம் என்ன கேட்பது, எப்படி எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க நம்மால் முடியும்.