சின்ன ஹோட்டலுக்கு எதற்குக் கடிதம்?

இறம்பொடைப் பக்கம் உயர்தரம் முடித்த பிள்ளைகளிடம் ஹோட்டல் வேலை பற்றிப் பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும்: "சின்ன ஹோட்டலுக்கு யாருங்க லெட்டர் எழுதுறா? பயோடேட்டாவைக் குடுத்துட்டு, உள்ளுக்கு ஒரு ஆளைப் பிடிச்சா சரி." அண்ணன்மார் சொல்வதும் இதுதான், டியூஷன் மாஸ்டர் சொல்வதும் இதுதான். பயோடேட்டா டைப் பண்ணிக் கொடுக்கும் கொமியுனிகேஷன் கடைக்காரர் ஒருபடி மேலே போய், "லெட்டரும் வேணும்னா நம்மகிட்ட ஒண்ணு ரெடியா இருக்கு, பேரை மட்டும் மாத்துவோம்" என்பார்.

ரூம் போய், கிச்சன் ஹெல்பர் வேலைகளுக்கு இந்த யோசனை செல்லும். அவை வாய்ச் சொல்லில் நிரம்புகிற வேலைகள். ஆனால் உதவி முகாமையாளர், முன்மேசைப் பொறுப்பாளர், முகாமையாளர் என்று வரும்போது இதே யோசனை நம் பிள்ளைகளை ரூம் போயாகவே வைத்திருக்கிறது.

முதலில் அந்த "உள்ளுக்கு ஒரு ஆள்" விவகாரம். பத்துப் பன்னிரண்டு அறை உள்ள ஹோட்டலின் முதலாளி பல இடங்களில் ஹோட்டலிலேயே இருப்பதில்லை. கொழும்பிலோ கண்டியிலோ அவருக்கு வேறு தொழில் இருக்கும். சிலர் வெளிநாட்டில். அவர் வராத நாட்களில் காசு மேசை, அறைச் சாவிகள், ஜெனரேட்டர் டீசல், மீன் லொறிக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாமே முகாமையாளர் கையில். இவ்வளவையும் ஒப்படைக்கப் போகிறவர், மாமாவின் கூட்டாளி சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வாரா? உள்ளே இருக்கும் அந்த ஆள்தான் என்ன செய்வார்? உங்கள் பெயரை முதலாளிக்கு வட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். "நல்ல பொடியன் சேர்" என்ற ஒரு வரிக்குக் கீழே இணைத்து அனுப்ப ஏதாவது வேண்டும். சிபாரிசு இருந்தாலும் கடைசியில் முதலாளி வாசிக்கப் போவது உங்கள் தாளைத்தான்.

காலமும் மாறியிருக்கிறது. 2018-இல் 23 இலட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021-இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. அடுத்த வருடமே பொருளாதாரம் படுத்தது. அந்த ஆண்டுகளில் அனுபவமுள்ள ஹோட்டல்காரர்கள் பலர் மத்திய கிழக்குக்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். 2024-இல் வருகை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியபோது அறைகள் நிரம்பின, பொறுப்பெடுக்க ஆள் இல்லை. முதலாளிக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாம் துபாயில் இருக்கும்போது, தெரியாத ஆளின் கடிதத்தைத்தான் அவர் பிரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பயோடேட்டா போதாதா? போதாது. சிறு ஹோட்டல் முகாமையாளரின் நாளில் பெரும்பகுதி எழுத்து வேலை. "மூன்று பேருக்கு ஒரு அறை, ஒரு கட்டில் அதிகம் வேண்டும், விலை என்ன?" என்று கேட்பவருக்குப் பதில். சுடுதண்ணி வரவில்லை என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்குப் பதில். இரவில் முதலாளிக்கு அன்றைய கணக்கு. இந்த வேலை உங்களுக்கு வருமா என்று பயோடேட்டா சொல்லாது, கடிதம் சொல்லிவிடும். கடைக்காரரின் ரெடிமேட் கடிதத்தைக் கொடுத்தால் அவருக்கு எழுத வருகிறது என்பது மட்டும்தான் தெரியவரும். இப்போது போனிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. மொழி சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே விளம்பரத்துக்கு வந்த பத்துக் கடிதமும் ஒரே வாக்கியத்தில் தொடங்கினால் முதலாளிக்குப் புரியாதா?

வேறு எப்படி எழுதுவது? இந்த மாதிரி:

"உங்கள் ஹோட்டலில் 14 அறைகள் என்று விளம்பரத்தில் பார்த்தேன். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் 9. இரண்டு வருடமாக முன்மேசை என் பொறுப்பு. சென்ற ஏப்ரல் சீசனில் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குப் பதிந்துவிட்டோம். ஒரு குடும்பத்தைப் பக்கத்து விடுதிக்கு அனுப்பி வான் கூலியை நாங்களே கொடுத்தோம். அடுத்த நாளிலிருந்து இணையத்தில் வருவதையும் போனில் வருவதையும் ஒரே கொப்பியில் எழுத வைத்தேன். அதன் பிறகு அந்தத் தவறு வரவில்லை."

கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவோடு ஒத்துழைப்பவன் என்று இதில் ஒரு சொல் இல்லை. வாசிப்பவர் தானே அந்த முடிவுக்கு வந்துவிடுவார்.

அடுத்த நம்பிக்கை, கடிதம் "ஹை இங்லிஷில்" இருக்க வேண்டும் என்பது. இதற்கு நம் ஊர்ப் பாதையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பின்னாளில் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர், அதற்கு முன் 1848-இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றம் அமைக்க ஆட்களோடும் மாடு குதிரைகளோடும் வந்தார். இறம்பொடைப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் கணவாய்ப் பாதையில் அவருடைய குதிரைக்காரர் ஹென்றி பெர்க்ஸ் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டார். உடனே எஜமானுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். 1855-இல் வெளிவந்த தன் நூலில் பேக்கர் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறார், சிரிப்புக்காகத்தான். வரிக்கு வரி எழுத்துப் பிழை. ஆனால் என்ன நடந்தது, பள்ளம் எத்தனை அடி, குதிரைகள் எந்த நிலையில், வண்டி எப்படிக் கிடக்கிறது, உதவிக்கு யார் ஆள் கொடுத்தார், இனி எஜமான் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் சில வரிகளில் இருக்கிறது. பேக்கருக்கு வேண்டிய எந்தத் தகவலும் விடுபடவில்லை. (வண்டியைத் தூக்க வந்த நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்களை பெர்க்ஸ் ஒரு இழிசொல்லால் குறித்து, பூனை அளவுக்குக்கூட உதவாதவர்கள் என்றும் எழுதியிருக்கிறார். வண்டியைக் கவிழ்த்தவர் அவர்!)

பிழையோடு எழுதுங்கள் என்று சொல்லவில்லை, திருத்தித் தர ஆளிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு வராத ஆங்கிலத்தை உங்களுடையதாகக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நேர்முகத்தின் இரண்டாவது நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுங்கள், அது ஆங்கிலம் என்றால் உங்களால் பேசக்கூடிய அளவு ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அதோடு தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். அதை ஒரு தகுதியாகவே நம் பிள்ளைகள் நினைப்பதில்லை. 2024-இல் இலங்கைக்கு வந்தவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள், 4 இலட்சத்துக்கு மேல். இறம்பொடையில் சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயிலுக்கும், நுவரெலியா தாண்டி சீதா எலியவுக்கும் வான் வானாக வருகிறவர்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. அந்த வான் ஹோட்டல் வாசலில் நிற்கும்போது, சாம்பாரில் மாசிக்கருவாடு போடவில்லை என்று பாட்டியிடம் தமிழில் சொல்லக்கூடிய முகாமையாளர் முதலாளிக்குத் தேவை.

இனி வருவது எனக்கு மிகவும் கோபமூட்டுகிற யோசனை. "தோட்ட அட்ரஸ் போடாதே. லயம், டிவிஷன் எல்லாம் எழுதினா எடுக்க மாட்டாங்க. டவுன் கடை அட்ரஸ் ஒண்ணு குடு."

இதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வீடு வந்து சேரும், சில வேளை சேராது. நேர்முகத்துக்கு வரச் சொன்ன கடிதம் நேர்முகம் முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? பசார் கடை முகவரி அன்றைக்கு ஒரு தற்காப்பு. இப்போது முதலாளி கடிதம் போட்டு யாரையும் கூப்பிடுவதில்லை, போனில் கூப்பிடுகிறார். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் வெட்கமாக மாறி நிற்கிறது.

தோட்டம் என்றால் முகம் சுளிக்கும் முதலாளிகள் இல்லையென்று நான் சொல்லவில்லை, இருக்கிறார்கள். ஆனால் ஒளித்து என்ன கிடைக்கப் போகிறது? அடையாள அட்டையிலும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழிலும் அதே முகவரிதான் இருக்கிறது. வேலை கிடைப்பதற்கு முந்தின நாள் தெரியவருவதைவிட முதல் வரியிலேயே தெரிவது மேல். கடையின் முகவரியைக் கொடுத்துவிட்டு நம்பிக்கைக்குரியவன் என்று எழுதுவதும் பொருந்தாது.

அதைவிடப் பெரிய விஷயம், இறம்பொடையில் உள்ள ஹோட்டலுக்குத் தோட்ட முகவரி ஒரு சாதகம். பெரிய மழையில் பாதையில் மண் சரிந்தால் நுவரெலியாவிலிருந்து வரும் முகாமையாளர் பாதியில் நின்றுவிடுவார். நீங்கள் குறுக்குப் பாதையில் நடந்தே வந்துவிடுவீர்கள். இரவு பதினொரு மணிக்கு மோட்டர் நின்றால் எந்த லயத்தில் எந்த எலக்ட்ரீசியன் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். இதைக் கடிதத்தில் எழுதாமல் வேறு எதை எழுதுவது?

மலையக ஹோட்டல்கள் விற்பதும் தேயிலையைத்தானே. கந்தப்பொளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலையே ஹோட்டலாகி, இன்று ஹெரிடன்ஸ் டீ பெக்டரி என்ற பெயரில் நடக்கிறது. ஹட்டன் பக்கம் துரைமார் பங்களாக்கள் 2005 முதல் சிலோன் டீ ட்ரெய்ல்ஸ் என்ற பெயரில் விடுதிகளாக ஓடுகின்றன. கொழுந்து எப்போது எடுப்பார்கள், கவ்வாத்து ஏன் வெட்டுகிறார்கள், வாட்டுகிற மாடியில் ஏன் அப்படி வாசம் வருகிறது என்று விருந்தாளி கேட்கும்போது, புத்தகம் பார்க்காமல் பதில் சொல்கிறவர் யார்? "எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிறவர், தேயிலை பற்றி விருந்தாளிகளுக்கு என்னால் விளக்க முடியும்" என்ற வரியை எந்த ஹோட்டல் ஸ்கூல் சான்றிதழும் கொடுக்காது. ஒன்று மட்டும். அதைத் தகுதியாக எழுதுங்கள், பரிதாபமாக எழுத வேண்டாம். கஷ்டத்தைக் காட்டி வேலை கேட்கிற கடிதத்துக்கு முதலாளி அனுதாபப்படுவார், காசு மேசைச் சாவியைக் கொடுக்க மாட்டார்.

ஹோட்டல் ஸ்கூல் படிக்காதவன் முகாமைத்துவ வேலைக்கு எழுதவே கூடாது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தில் படித்திருந்தால் நல்லது, பண்டாரவளையிலும் அதற்குக் கிளை இருக்கிறது. படிக்காமல் வேலையில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. செய்த வேலையையே மதிப்பிட்டு தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., வழங்கும் முறை இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்திருந்தால் அதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக, "அனுப்பியாச்சு, இனி அவங்க கூப்பிடட்டும், நாம எடுத்தா தொந்தரவு" என்ற பேச்சு. ஒரு வாரம் பார்த்துவிட்டு நீங்களே எடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரையும் வேண்டாம், அது அறை காலி செய்கிற நேரம். அதற்குப் பிறகு பகல் சாப்பாட்டுக் கூட்டம். செவ்வாய் அல்லது புதன், பின்னேரம் மூன்று மணி போல் எடுத்து, பெயரையும் கடிதம் அனுப்பிய தேதியையும் சொல்லுங்கள். ஹோட்டலின் நேரம் பார்த்து எடுத்திருக்கிறான் என்பதை, மறுமுனையில் இருப்பவர் ஹோட்டல்காரராக இருந்தால் கவனிக்காமல் விடமாட்டார்.