ஒன்பது அடிப் பலகை மீதான பழி

அலைச்சறுக்கு பழகுவோரிடையே எந்தக் கடற்கரையிலும் கேள்விக்கு உட்படாமல் நிலவும் நம்பிக்கை ஒன்று உண்டு. ஒன்பது அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள, மூக்கு உருண்ட லாங்போர்டு தொடக்கநிலையினருக்கு உரியது; ஆறடியை ஒட்டிய நீளமும் கூரிய மூக்கும் கொண்ட ஷார்ட்போர்டு தேர்ந்தவருக்கு உரியது; ஆகவே முன்னேறுவது என்றால் பலகையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போவது என்பதே அந்த நம்பிக்கை. இந்த ஆட்டத்தின் வரலாற்றையும் அலையின் இயல்பையும் ஓரளவு அறிந்தவர்கூட இதை ஏற்க இயலாது. ஆயினும் பலர் இதை நம்பி, சரியாக வளரத் தொடங்கும் பருவத்திலேயே குட்டைப் பலகைக்கு மாறித் தம் வளர்ச்சியைத் தாமே முடக்கிக்கொள்கின்றனர்.

இந்த நம்பிக்கைக்கு வேராக இருப்பது எளிய குழப்பம் ஒன்றே. பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாள் தரப்படுவது மென்நுரை போர்த்திய எட்டு அல்லது ஒன்பது அடிப் பலகை. நன்றாக மிதக்க வேண்டும், தலையில் பட்டாலும் காயம் பெரிதாகக் கூடாது என்பவற்றைத் தவிர அதன் வடிவமைப்பில் பெரிய நோக்கம் எதுவும் இல்லை. லாங்போர்டு என்று முறையாகச் சொல்லப்படுவதோ, நுரைக்கட்டியைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் ஏற்றி, ரெயில் எனப்படும் பக்க விளிம்பின் உருட்சி, ராக்கர் எனப்படும் முன்பின் வளைவு, அடியில் பொருத்தப்படும் ஃபின்னின் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிட்டு உருவாக்கப்படும் கருவி. நீளம் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது, சக்கரம் இருப்பதால் நடைவண்டியும் மிதிவண்டியும் ஒன்றே என்பதைப் போன்றது.

வரலாறும் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. பழைய ஹவாய்ச் சமூகத்தில் படிநிலை நேரெதிராக இருந்தது. பொதுமக்களும் ஏறிய அலாயா என்னும் மெல்லிய குட்டைப் பலகைக்கு மாறாக, ஓலோ என்னும் நீண்டு கனத்த பலகை தலைவர் குலத்தாரின் உரிமையாகக் கருதப்பட்டது. பாக்கி என்னும் தலைவருக்குரிய, பதினான்கு அடிக்கும் மேற்பட்ட ஓலோ பலகைகள் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. நீளம் சட்டென்று குறைந்தது 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான். அதற்குத் தூண்டுகோலாகச் சொல்லப்படுவது, 1966இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில், பலகையின் மூக்கில் நின்று செல்வதில் நிகரற்றவர் எனப் பெயர்பெற்ற டேவிட் நுஹிவாவை, கூர்மையான திருப்பங்களால் ஆஸ்திரேலியாவின் நாட் யங் வென்ற நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு பாப் மெக்டாவிஷ், அடிப்புறம் வி வடிவில் அமைந்த குட்டைப் பலகைகளை ஹவாய்க்கு எடுத்துச்சென்றார். அதன் பின் ஒன்பதரை அடிப் பலகைகள் பழம்பொருளாகிவிட்டன. ஆனால் ஷார்ட்போர்டுப் புரட்சியின் தோற்றுவாயாகக் கொண்டாடப்படும் அந்த 1966 வெற்றியில், 'சாம்' என்று பெயரிடப்பட்டிருந்த நாட் யங்கின் பலகை ஒன்பது அடி நான்கு அங்குலம் நீளமுடையது. இன்றைய போட்டி விதிகளின் நீள அளவுப்படி அது லாங்போர்டே. நீளப் பலகை திரும்பாது என்போர் இந்த ஒரு செய்தியை எங்ஙனம் விளக்குவர் என்பது தெரியவில்லை.

அலையின் இயல்பு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. ஒரு மீட்டர் உயர அலை கரையை ஒட்டி உடையும் இடத்தில் மணிக்கு ஏறத்தாழ 13 முதல் 17 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கைகளால் நீரைத் தள்ளிச் செல்பவரின் வேகமோ அதில் பாதிகூட எட்டுவது அரிது. இந்த இடைவெளியை நிரப்புவது அலையின் சரிவில் பலகையை இழுக்கும் புவியீர்ப்பு விசை. நீர்மட்டத்தில் நீளமாகப் படியும் பலகை குறைந்த எதிர்ப்போடு நகர்வதால், அலை இன்னும் மெல்லிய மேடாக இருக்கும்போதே அதைப் பிடித்துக்கொள்கிறது. எழுந்து நிற்கவும் திசை தேரவும் சில நொடிகள் கிடைக்கின்றன. குட்டைப் பலகையில் இருப்பவர் அலை செங்குத்தாகும் வரை காத்திருந்து, அது உடையும் கணத்திலேயே எழுந்தாக வேண்டும். தேர்ந்தவருக்கு அது இயல்பாகிவிடும். இடைநிலையினருக்கு அது வாய்ப்பு இழப்பு. போட்டியாளர்களின் நேரத்தை அளந்த ஆய்வுகள், கடலில் கழியும் நேரத்தில் ஏறத்தாழ பாதி கைகளால் நீரைத் தள்ளிச் செல்வதிலும், எஞ்சியதில் பெரும்பகுதி காத்திருப்பிலும் போக, அலைமீது செல்வது நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவு என்று காட்டியுள்ளன. அந்தச் சிறு பங்கையும் சுருக்கிக்கொண்ட பிறகு எதில் முன்னேறுவது?

1990களில் கெல்லி ஸ்லேட்டரின் வெற்றிகளைக் கண்ட ஒரு தலைமுறை, அவருடைய பலகைகளைப் போல ஒடுங்கி மெலிந்தவற்றை வாங்கித் தண்ணீரில் மார்பளவு அமிழ்ந்து தவித்தது இந்த ஆட்டத்தின் பொது நினைவில் பதிந்த கதை. பலகையின் கன அளவை லிட்டரில் கணக்கிட்டு விற்கும் வழக்கம் இப்போது வந்துவிட்டதால் அந்தத் தவறு ஓரளவு குறைந்திருக்கிறது. 75 கிலோ எடையுள்ள தேர்ந்த வீரருக்கு 27 முதல் 30 லிட்டர் போதும் என்றால், அதே எடையுள்ள இடைநிலையாளருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை. வழக்கமான லாங்போர்டில் 60 லிட்டருக்கும் மேல் இருக்கும்.

லாங்போர்டில் கற்க ஏதுமில்லை என்னும் கூற்று அறியாமையே. பலகையின் நடுவிலிருந்து மூக்குவரை கால்களை ஒன்றன்முன் ஒன்றாகக் குறுக்கே வைத்து நடந்து, பத்து விரல்களையும் முனையில் நிறுத்தும் ஹேங் டென் என்னும் வித்தையில், ஆளின் முழு எடையும் ஒரு முனையில் இருந்தும் பலகை கவிழாமல் இருப்பதற்குக் காரணம், வாலின் மேல் பாயும் நீர் அதைக் கீழே அழுத்திப் பிடிப்பதே. ஆகவே அலையின் எந்தப் பகுதியில் பலகையை வைத்தால் அந்த நீர் வந்து சேரும் என்பதைக் கண்ணால் கணிக்காமல் இதைச் செய்ய முடியாது. 1998இலும் 2004இலும் லாங்போர்டு உலகப் பட்டம் வென்ற ஜோயல் டூடர், 2021இல் தம் 45ஆவது வயதில் மீண்டும் அதை வென்றார். இதைத் தொடக்கநிலைப் பொருள் என்பது பொருந்துமா? ஒலிம்பிக் அலைச்சறுக்கு 2021இலும் 2024இலும் ஷார்ட்போர்டுக்கு மட்டுமே இடம் தந்தது என்பது உண்மை; அது நிர்வாகத்தின் தேர்வே ஒழிய, திறமையின் அளவுகோல் அல்ல.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. குழலாக உருளும் செங்குத்தான அலைகளில் நீளப் பலகையின் மூக்கு நீரில் குத்திக் கவிழும். வரும் அலைக்கு அடியில் பலகையோடு மூழ்கிக் கடக்கும் டக் டைவ் அதில் இயலாது, ஆகையால் பலகையைத் தலைகீழாக்கி அதன் அடியில் தொங்கும் டர்டில் ரோல் முறையே மிஞ்சும். ஆனால் இது அலையைப் பற்றிய வாதம், ஆளைப் பற்றியது அன்று. செங்குத்தான அலைக்குக் குட்டைப் பலகை, மெல்லிய அலைக்கு நீளப் பலகை என்பதுதான் முறை. அதைச் சாதனைப் படிக்கட்டாக மாற்றியது போட்டிகளும் விற்பனையும்.

தமிழகக் கடற்கரையில் இந்தக் கேள்வி வெறும் கருத்தாடல் அல்ல. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்களே இந்த ஆட்டத்தில் முன்னணியில் இருக்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்குக் கிடைப்பவை இடுப்பு முதல் நெஞ்சு வரை உயரமுள்ள, வலிமை குறைந்த அலைகள். இலங்கையின் கிழக்கே பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் நீண்டு ஓடும் வலப்புற அலைகள் உள்ளன. அங்கும் சுற்றுவட்டத்து மென்மையான அலைகளில் நீளப் பலகையே பொருத்தமானது. இத்தகைய நீரில் பழகுவோர் அலையின் இருபுறமும் சரிவோடு ஓடவும், பின்னங்காலைப் பின்னுக்கு நகர்த்தி வாலை அழுத்தித் திரும்பவும் தேர்ந்த பிறகு, இன்னும் விருப்பம் இருந்தால் ஏழு எட்டு அடி மிட்லெங்த் பலகை ஒன்றை நடுவில் பயன்படுத்திப் பார்க்கட்டும். பள்ளிகள் தம் பங்குக்கு, மென்நுரைப் பலகையை லாங்போர்டு என்று அழைப்பதையும், அதை விட்டு இறங்குவதே தேர்ச்சியின் அடையாளம் என்று மாணவரிடம் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.