பாட்டு இருக்கு, படம் எங்கே?

பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டு நீங்க சென்னை போய்ச் சேர்ந்த மூணாம் நாள், வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துடும். 4 நிமிஷப் பாட்டு, 120 படம். கணக்குப் போட்டா ஒரு படத்துக்கு 2 விநாடி. அத்தை தன் முகத்தைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுத்த படம் ஓடிடும்.

பாட்டு? களத்துமேடு, குலசாமி கோயில், மாடு குளிப்பாட்டறது, நடக்க முடியாம திண்ணையில உட்கார்ந்திருக்கிற பெரியப்பா, எல்லாத்துக்கும் ஒரே சினிமா கிராமத்துப் பாட்டு. கிராமம்னா எப்பவும் அந்தத் தாளத்துலதான் ஆடிட்டு இருக்குமா? மாட்டுப் பொங்கல் அன்னிக்குத் தட்டைத் தட்டிக்கிட்டு "பொங்கலோ பொங்கல்"னு பசங்க கத்தினது, கழுத்துச் சலங்கை, நடவுல பெண்கள் போடற குலவை இதெல்லாம்தான் எங்க சத்தம். உங்க போன்லயே 30 விநாடி பதிவு பண்ணி படத்துக்கு அடியில போடுங்க. சினிமாப் பாட்டுதான் வேணும்னா 40 படம் பொறுக்குங்க, ஒன்றுக்கு 6 விநாடி கிடைக்கும். பெரியப்பா முகத்துக்கு மெதுவான இசை, மாடு ஓடற படத்துக்கு வேகமான இசை. இது பெரிய வித்தை இல்லை.

என் கோபம் பாட்டு மேல மட்டும் இல்லை. பாட்டு தேட ரெண்டு நாள் செலவழிக்கறீங்க. படத்தைப் பத்திரப்படுத்த பத்து நிமிஷம் கிடையாது. போன வருஷம் எங்க தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். ஃப்ளெக்ஸுக்குப் படம் தேடினா, வாட்ஸ்அப்ல சுருங்கி வந்த ஒண்ணுதான் இருந்தது. நல்ல கேமராவில் எடுத்த ஒரிஜினல், நகரத்துல இருக்கிற சொந்தக்காரர் போன் மாத்தினப்போ போயிடுச்சு. பெரிசு பண்ணினதும் முகமே கட்டம் கட்டமா உடைஞ்சுது. பதினாறாம் நாள் வரைக்கும் அந்த முகத்தைத்தான் அவர் மனைவி பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"கூகுள்ல இருக்கே"ம்பீங்க. அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுது. இப்போ இலவசம் 15 ஜிபி, அதுவும் மெயிலோடு சேர்த்து. நிரம்பிட்டா புதுப் படம் ஏறாது. அந்த ஆப்ல ஒரு படத்தை அழிச்சா போன்லயும் போகும், மேலேயும் போகும். அதை மட்டும் நம்பினா அது காப்பு இல்லை.

விதைநெல்லை எந்த விவசாயியும் ஒரே மூட்டையில வைக்க மாட்டான். எலி, வண்டு, ஈரம் எது வேணா வரலாம். படத்துக்கும் அதே நியாயம்தான்: மூணு நகல், ரெண்டு விதமான இடத்துல, அதுல ஒண்ணு வேற ஊர்ல. உங்களுக்கு அந்த வேற ஊர் ஏற்கெனவே இருக்கு. நீங்க வந்து போற இந்த வீடுதான்.

வீடியோவை எப்ப வேணா திரும்பச் செய்யலாம். அந்த வீடியோவிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால அடுத்த தடவை வரும்போது ஒரிஜினல் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்குல போட்டு இங்கே கொடுத்துட்டுப் போங்க. யார் யார், எந்த வருஷம்னு கோப்புப் பெயர்லயே எழுதுங்க. உடனே அனுப்பணும்னா வாட்ஸ்அப்ல 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, சுருங்காது.

எங்க முகத்தை எடுத்துக்கிட்டுப் போறவங்க அதுல ஒரு நகலை எங்களுக்குத் தரணும். பாட்டு நாங்களே போட்டுக்கறோம்.