போடி ஏலக்காயும் தீபாவளிக் கணக்கும்

தீபாவளி நெருங்கினால் செய்தித்தாள்களின் வணிகப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். 'ஏலக்காய் விலை உயர்வு, விவசாயிகள் மகிழ்ச்சி' என்று இருக்கும். இன்னொரு வருடம் 'ஏலக்காய் விலை சரிவு, விவசாயிகள் கவலை' என்று இருக்கும். பெரும்பாலும் இந்தச் செய்திகள் கிளம்பும் இடங்கள் இரண்டு. ஒன்று, தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூர். மற்றொன்று, மலைக்கு மேலே கேரளத்தில் இருக்கும் புற்றடி.

ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று போடியைச் சொல்லலாம். ஆனால், அந்த ஊரில் தீபாவளி எப்படி இருக்கப்போகிறது என்பதை விலைச் செய்தியை மட்டும் படித்துச் சொல்லிவிட முடியாது. வியாபாரிகள் கணக்கைக் கிலோவில் போடுவார்கள். மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் கணக்கு நாளில்தான். "இந்த வருசம் எத்தனை நாள் வேலை கிடைச்சுது?" என்பதுதான் அங்கே கேள்வி.

ஊர் கீழே, காடு மேலே

போடியில் விற்கும் ஏலக்காயில் பெரும்பகுதி விளைவது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று நீளும் அந்தப் பகுதிக்கு ஏலமலை என்றே பெயர். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அன்றிலிருந்து ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், கூலி இன்னொரு மாநிலத்தில் என்பது இந்த அடிவாரத்து மக்களின் வாழ்க்கையாகிவிட்டது.

விடிவதற்கு முன்பே எழுந்து, சோறு வடித்து, தூக்குவாளியில் குழம்பும் சோறுமாகக் கட்டிக்கொண்டு பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். போடியிலிருந்து போகும் ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு வழியாக மலை ஏறும். கம்பம் பக்கத்து ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போகும். கீழே வெயில் காயும் நாளில்கூட மேலே மழையும் பனியுமாக இருக்கும்.

ஏலக்காய் மரத்தில் தொங்கும் காய் அல்ல. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் செடியின் தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் அது காய்க்கிறது. அதனால் காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருக்க வேண்டும். காலில் அட்டை ஏறும், முதுகில் மழை இறங்கும். சரத்தில் இருக்கிற எல்லாக் காயையும் உருவிவிடவும் முடியாது. முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மிச்சம் முற்றுவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பிறகு அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். இப்படி ஒரு பருவத்தில் பல சுற்று நடக்கும்.

அந்தப் பருவம் ஜூலை, ஆகஸ்ட்டில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை ஓடுகிறது. தீபாவளி விழுவது அதன் நட்ட நடுவில். வேலை நன்றாக ஓடினால், பண்டிகைக்கு முந்தைய மூன்று மாதம் கையில் தொடர்ந்து காசு வரும். ஓடாவிட்டால் தீபாவளி கடனில்தான் விடியும்.

பச்சைக்காய் முதல் ஏலக் கூடம் வரை

பறித்த காயைக் கழுவி, தோட்டத்திலேயே இருக்கும் உலர்த்தும் கூடத்தில் கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும் இளஞ்சூட்டில் காய வைக்கிறார்கள். சூடு கூடினால் நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். கடையில் ஐம்பது கிராம் பொட்டலம் கேட்கும்போது அது எவ்வளவு பேர் குனிந்து எடுத்த காய் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

காய்ந்த சரக்கு மூட்டையாக ஏல நிறுவனங்களுக்குப் போகிறது. நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் சிறு மாதிரி அவர்கள் கைக்கு வரும். நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, உடைத்து முகர்ந்து, பொத்தானை அழுத்தி விலை ஏற்றுவார்கள். அன்று மாலைக்குள் அதிகபட்ச விலையும் சராசரி விலையும் மலை முழுக்க வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஏலம் முடிந்த சரக்கு போடியின் கிடங்குகளுக்கு வருகிறது. அங்கேயும் பெண்கள்தாம். சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று ரகம் பிரிப்பதும், வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பொறுக்கித் தனியாக வைப்பதும் அவர்கள் வேலை. தீபாவளிக்கு முன்பு வடநாட்டு இனிப்புக் கடைகளின் தேவை கூடும்போது கிடங்குகளிலும் வேலை கூடும்.

ஏழாயிரம் ரூபாய் வந்த வருடம்

2019 ஆகஸ்ட்டில் ஏலக்காய் சரித்திரம் படைத்தது. புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் பார்த்திராத விலை. தொலைக்காட்சியில் அதைக் கேட்டவர்கள், போடியில் வீட்டுக்கு வீடு பணம் கொட்டுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விலை ஏன் அங்கே போனது என்று பார்த்தால் படம் மாறிவிடும். 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருமழையில் இடுக்கியின் தோட்டங்கள் சரிந்தன, செடிகள் அழுகின. அடுத்து வந்த கோடையில் மழை பொய்த்தது. ஏலச்செடிக்குக் கோடை மழைதான் உயிர். அது பெய்தால்தான் சரம் நீண்டு பூப்பிடிக்கும். இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்ததில், முன்பு 20,000 டன்னைத் தாண்டியிருந்த நாட்டின் உற்பத்தி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. காய் இல்லாததால்தான் விலை ஏறியது.

காய் இல்லை என்றால் எடுக்க ஆள் எதற்கு? ஆறு சுற்று எடுக்கிற தோட்டத்தில் மூன்று சுற்றோடு நின்றுபோனால், வேலைநாளும் பாதியாகும். விலை வானத்தில் இருக்கும், ஜீப் வீட்டு வாசலில் நிற்கும். சரக்கை இருப்பு வைத்திருந்தவருக்கு அது பொன்னான வருடம். கூலியை நம்பியவருக்கு அப்படி இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நேர் எதிர். ஏழாயிரத்தைக் கண்ட ஆசையில் பலரும் புதிதாகச் செடி வைத்தார்கள். ஏலச்செடி காய்ப்புக்கு வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். எல்லாம் சேர்ந்து காய்த்தபோது விலை கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. காய் எடுக்க ஆள் தேவைப்பட்டது, ஆனால் கூலி கொடுக்கத் தோட்டக்காரர் கையைப் பிசைந்தார். 2024 கோடையில் குளிர்ச்சிக்குப் பேர்போன ஏலமலையையே வெயில் சுட்டது. செடிகள் கருகின, விலை மறுபடி 2,000-ஐத் தாண்டியது. அளவான மழையும் நடுத்தர விலையும் சேர்ந்து வருகிற வருடமே மேலேயும் கீழேயும் எல்லோருக்கும் நல்ல வருடம். அது செய்தியாவதில்லை.

சீட்டு, போனஸ், சேலை

"என்ன மதினி, சேலை எடுத்தாச்சா?"

"இன்னும் ரெண்டு வார வேல இருக்குல்ல, அப்புறம் பாப்போம்."

ஐப்பசியில் போடித் தெருக்களில் இப்படிப் பேச்சு நடக்கும். அந்த இரண்டு வாரத்துக் கூலியில்தான் பிள்ளைகளின் துணி இருக்கிறது. மற்றச் செலவுக்குப் பலகாரச் சீட்டு இருக்கிறது. வாரா வாரம் கூலியில் கொஞ்சம் கட்டி வந்தால், பண்டிகைக்கு முன்பு எண்ணெய், மாவு, வெல்லம், பட்டாசு என்று பொருளாகக் கிடைக்கும். வேலை நின்ற வாரத்தில் சீட்டுப் பணமும் நின்றுபோகும். யார் சீட்டு நடத்துகிறார், பணத்துக்கு ரசீது உண்டா என்று பார்க்காமல் கட்டி ஏமாறுவதும் தமிழ்நாட்டில் எங்கேயும் நடப்பதுதான்.

போனஸ் கிடைக்காதா என்று கேட்கலாம். போனஸ் பற்றிய சட்டம், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு. ஆனால் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஏலமலையில் இருப்பதோ பெரும்பாலும் சிறு தோட்டங்கள். இன்று ஒருவர் தோட்டம், அடுத்த வாரம் இன்னொருவர் தோட்டம் என்று ஜீப் கொண்டுபோகிற பக்கமெல்லாம் வேலை செய்கிறவருக்கு, யாரிடம் போய் 30 நாள் கணக்குக் காட்டுவது என்பதே பிரச்னை. மனசுள்ள முதலாளி கொடுக்கும் பணமும் இனிப்புப் பொட்டலமும்தான் அவர்களுக்குப் போனஸ். எந்தத் தோட்டத்தில் எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் குறித்து, கண்காணியிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல பழக்கம். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு இந்த உதவியைச் செய்யலாம்.

ஊர் ஊராய்ப் பண்டிகை

உலகத்தின் எத்தனையோ பண்டிகைகளுக்கு மணம் கொடுக்கும் காய் இது. அரபு நாடுகளில் விருந்தினருக்கு ஊற்றும் 'கஹ்வா' காபியில் ஏலக்காய் இல்லாமல் முடியாது. ரம்ஜானுக்கு முந்தைய மாதங்களில் ஏற்றுமதி வியாபாரிகள் சுறுசுறுப்பாவது அதனால்தான். சுவீடனிலும் பின்லாந்திலும் கிறிஸ்துமஸ் ரொட்டிகளில் ஏலக்காய்ப் பொடி உண்டு. ஓணத்துப் பாயசம், தீபாவளி ஜாங்கிரி, பொங்கல் பானை என்று இங்கேயும் வருடம் முழுக்கத் தேவை இருக்கிறது.

அந்தச் சந்தையில் போட்டியும் உண்டு. நூறு வருடங்களுக்கு முன்பு வெளியிலிருந்து கொண்டுபோய் நடப்பட்ட குவாதமாலா நாடுதான் இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் முதலிடம். அங்கே மழை பொய்த்தால் போடியில் விலை ஏறும், அங்கே நன்றாக விளைந்தால் இங்கே இறங்கும். எங்கோ கடல் கடந்து பெய்யும் மழைக்கும் போடித் தெருவில் வெடிக்கும் பட்டாசுக்கும் தொடர்பு இருக்கிறது.

ஊருக்கு வந்த நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நின்ற ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி போடி நிலையத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து மதுரை, தேனி வழியாக நேராக ஊருக்கு வந்து இறங்கலாம். மலை வேலைக்குப் போக வேண்டாம் என்று அம்மாக்கள் படிக்க வைத்து அனுப்பிய பிள்ளைகள் பலர், தீபாவளிக்கு அந்த ரயிலில் வருகிறார்கள்.

கடையில் வாங்கும்போது

பருமனான காய்தான் நல்ல காய் என்பதில்லை. பெரிய காய்க்கு விலை அதிகம், விருந்தில் பார்வைக்கு அழகு. பாயசத்துக்கும் கேசரிக்கும் நடுத்தரக் காயே போதும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். விதை கறுப்பாக, கையில் லேசாக ஒட்டினால் நல்லது. காய்ந்து வெளுத்திருந்தால் பழசு. மிகவும் பளிச்சென்ற பச்சையாக இருந்தால் ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். பொடியாக வாங்காமல் காயாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மணம் நிற்கும். தோலை எறியாமல் டீத்தூள் டப்பாவில் போட்டு வைக்கலாம்.

அடுத்த முறை 'ஏலக்காய் விலை புதிய உச்சம்' என்று செய்தி வந்தால், 'மலையில் இந்த வருடம் எத்தனை சுற்றுக் காய் எடுத்தார்கள்?' என்றும் கேட்டுப் பாருங்கள். போடியில் தீபாவளி எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் பதில்.