பரமேசுவரனின் நடுகல்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே நெடுமதில்போல் நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில் மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர் கல்வெட்டறிஞர். அவற்றுள் ஒன்றில் பொறிக்கப்பட்டவை சில சொற்களே: வீரனுடைய பெயர், ஊர்ப்பெயர், ஆநிரை கவர்ந்த பூசலின் செய்தி. அப்பூசலில் நியாயம் எவர் பக்கம் இருந்தது என்று அக்கல் உரைக்கவில்லை. கல்லை நட்டவர்க்கு அது வேண்டாததாயிற்று.

கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக, நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆறு நிலைகளாகப் பகுத்தோதினார். பட்ட வீரனைப் போற்றுதற்கு இலக்கணமே வகுத்த மொழி நம் மொழி. ஆயினும், மாணவர்களே, நம் காலத்து வீரர் ஒருவரைக் குறித்து வாய் திறக்க நாம் தயங்குகிறோம். அவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன்.

1946 செப்டம்பர் 13இல் பம்பாயில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அவர், 1972இல் படையில் அதிகாரியானார். 1987 சூலை 29இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அமைதி காக்கும் பொருட்டு நம் படை இலங்கைக்குச் சென்றது. அக்டோபரில் அதற்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. நவம்பர் 25ஆம் நாள் இரவு, தேடுதற்பணி முடித்து மீண்டுகொண்டிருந்த பரமேசுவரனின் அணிமீது மறைந்திருந்தோர் சுட்டனர். அவர் நிலைகலங்காது எதிரணியைப் பின்புறமாகச் சுற்றி வளைத்துப் பாய்ந்தார். கைகலந்த போரில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். குண்டு பாய்ந்த அந்நிலையிலும் அவனது துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தினார். உயிர் பிரியுமட்டும் தம் வீரர்க்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். நாட்டின் தலையாய போர்க்கள விருதாகிய பரம் வீர் சக்கரா, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அப்போரில் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே.

நம் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. எதிர்நின்றோரும் தமிழர், ஈழத்துக் குடிமக்கள் அப்போரில் உற்ற துயரும் சிறிதன்று. 1990 மார்ச்சில் அப்படையின் இறுதிப் பகுதி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அத்துயரைக் கருதியே அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அத்துயரைப் பொய்யென்று யான் சொல்லேன். ஆனால் போரை ஏவியது அரசு. ஏவலை ஏற்றுச் சென்று மாண்டவன் வீரன். அங்ஙனம் மாண்ட இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர். போர் சரியோ தவறோ என்னும் வழக்கை அரசியலார் தம் மன்றத்தில் நடத்துக. அது தீருமளவும் இறந்தவர் பெயரைச் சொல்லாதிருப்பது முறையாகாது. ஈழத்துக் குடிகளுக்காக அழுகின்ற கண் இவருக்காகவும் அழலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதன்று.

பெயர் வழங்காமலில்லை. சென்னையில் படையினர் குடியிருப்பு ஒன்றும், 2023 சனவரி 23 முதல் அந்தமானில் ஒரு தீவும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் பெயர் மட்டும் இருந்தால் அது பாதி நடுகல்லே. செயல் பொறிக்கப்படாத கல்லுக்கும் வயல்வரப்பில் கிடக்கும் எல்லைக்கல்லுக்கும் வேறுபாடு யாது?

ஆதலின், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நவம்பர் 25ஆம் நாள் காலை வழிபாட்டின்போது, அவ்விரவின் நிகழ்ச்சியை மாணவர் ஒருவர் எழுந்து உரைத்தல் வேண்டும். ஊர்வலம் வேண்டா, மாலையும் வேண்டா. (மாலையிட்ட கையோடு மறந்துவிடுவது நம் வழக்கம்.) பெயர், நாள், செய்த செயல் ஆகியவற்றை ஐந்து மணித்துளியில் சொல்லி முடிக்கலாம்.