கல்லறை காலி... யார் காலி செய்தது?

இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் கொலோசியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதையும் தாண்டி, ரோமுக்கு வடமேற்கே உள்ள செர்வெத்தேரிக்குப் போகிற சிலரோ, ரோமானியருக்கு முன்பே செழித்த எட்ருஸ்கர்களின் கல்லறைகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "உள்ளே ஒண்ணுமே இல்லையே!" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றுமே இல்லையா? பாறையைக் குடைந்து, வீடு போலவே அறைகள், கட்டில், தலையணை வரை செதுக்கியிருக்கிறார்களே, அதெல்லாம் கண்ணில் படவில்லையா?

சரி, உள்ளே இருந்த பொருட்கள் எங்கே? முறையாகத் தோண்டியெடுத்தவற்றில் பல ரோம், வத்திக்கான் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மற்றவை? திருட்டு! 1971-ல் செர்வெத்தேரி அருகே திருடப்பட்ட யூஃப்ரோனியோஸ் ஜாடியை, மறு வருடமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. இத்தாலிக்கு அது திரும்பி வர 2008 ஆனது.

ஜாடி திரும்பிவிட்டது. ஆனால் அது யாருடைய கல்லறையில், எந்தப் பொருட்களுக்கு நடுவே இருந்தது என்ற விவரம்? திருடனின் மண்வெட்டியோடு போயே போச்சு!

ஆக, கல்லறை காலி என்று குறை சொல்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளட்டும். அதைக் காலி செய்தது திருடன் மட்டுமல்ல. "எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் காசு கொடுக்கிறவனும்தான். பழம்பொருள் கடையில் "நிஜமான பழசு" என்று ஆசையாய் வாங்கும் சுற்றுலாப் பயணியும் அதில் சேர்த்தி!