காய்ச்சல் போயிற்று, வலி போகவில்லை!

அத்திப்பட்டிலே அனல்மின் நிலையம் இருக்கிறது. அருகிலே எண்ணூர்த் துறைமுகம் இருக்கிறது. அவற்றை நம்பி வாழும் ஒப்பந்தத் தொழிலாளர் ஏராளம். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் நான்கு நாள் படுப்பான். ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்குப் போவான். போனால், விரல் மடங்க மறுக்கிறது; முழங்கால் நிமிர மறுக்கிறது. "காய்ச்சல்தான் விட்டதே, இன்னும் என்ன நோய்?" என்கிறார் மேஸ்திரி. சோம்பேறி என்று பட்டமும் கிடைக்கிறது!

சோம்பலா இது? இல்லை, தோழர்களே! நோயின் எச்சம் இது.

சிக்குன்குனியாவை எடுத்துக்கொள்வோம். 1952-இல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவிலே கண்டறியப்பட்ட நோய். அங்குள்ள மகோண்டே மக்களின் மொழியில் அச்சொல்லின் பொருளே 'வளைந்து போதல்'! 1963-இல் கல்கத்தாவைத் தாக்கிற்று. 1964-இல் நம் சென்னையைத் தாக்கிற்று. 2006-இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு அந்நோய் இருக்கலாமெனக் கணக்கிடப்பட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். மூட்டுவலியோ சிலரை மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் வாட்டும். கொரோனாவும் அப்படித்தான். தொற்று கண்டு மூன்று மாதமான பின்னும் நீடிக்கும் களைப்பும் மூச்சிரைப்பும் மறதியும் ஒரு நோய்நிலையே என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

இந்த எச்சத்தை முதலில் காண்பவர் தெருமுனை டாக்டர்தான். இரத்தப் பரிசோதனைச் சீட்டு 'குறையில்லை' எனலாம். வீங்கிய கணுக்கால் பொய் சொல்லுமா? டாக்டர் நம்புகிறார், கூலிக் கணக்கு நம்ப மறுக்கிறது.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பர். உண்டு: ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி. ஆனால் சந்தா கட்டியிருக்க வேண்டும்; மருத்துவச் சான்று வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயரையே பதியாவிட்டால், அந்த 91 நாளும் ஏட்டுச் சுரைக்காய்தானே!

எனவே நாம் கேட்பது மூன்று. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பெயரும் விடுபடாமல் ஈ.எஸ்.ஐ.யில் பதிய வேண்டும். 'காய்ச்சல் தீர்ந்தது' என்பதோடு நில்லாமல், எஞ்சிய வலியையும் சான்றிதழில் எழுத வேண்டும். உடல் தேறும்வரை, கூலி குறையாமல், பளு குறைந்த வேலை தர வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. சிக்குன்குனியாக் கொசு பகலிலே கடிப்பது. தேங்கிய நல்ல தண்ணீரிலே பெருகுவது. வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைத் தேய்த்துக் கழுவி மூடுவோம். நோயுற்ற தோழனின் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தித் தருவோம், அவனோடு ஈ.எஸ்.ஐ. அலுவலகம் வரை நடப்போம்.

வளைந்த உடல் நிமிர மருந்து வேண்டும். மருந்து பலிக்க ஓய்வு வேண்டும். ஓய்வு கிடைக்க உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கேட்போம், கேட்டுப் பெறுவோம்!